ஒப்புமை விழுக்காடும் ஆசிரியரின் வாசிப்பும்: வகுப்பறையில் கருத்துத்திருட்டு ஐயத்தை எதிர்கொள்ளல்

முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் கொடுத்த நான்கு பக்க ஒப்படைவில் 'முந்தைய இயலில் கண்டவாறு' என்றொரு தொடர் இருந்தது. நான்கு பக்கக் கட்டுரைக்கு ஏது முந்தைய இயல்? யாருடைய ஆய்வேட்டிலிருந்தோ வந்த வரி என்பது வெளிப்படை. பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருக்கலாம். வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, "இதை எப்படிம்மா எழுதினே?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நூலகத்தில் உட்கார்ந்து மூன்று நூல்களிலிருந்தும் ஓர் ஆய்வேட்டிலிருந்தும் பென்சிலால் எடுத்த குறிப்புகள். எது நூலாசிரியர் சொன்னது, எது தானே சேர்த்தது என்று பிரித்தறிய ஒரு கோடுகூட இல்லை. ஓரிடத்திலும் பக்க எண் இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்துக் கட்டுரை எழுதும்போது எல்லாமே அவருக்குத் தன் கையெழுத்தாகத்தான் தெரிந்திருக்கிறது.

இக்கட்டுரையின் வாதம் இந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறது. ஐயம் எழுந்தவுடன் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, மாணவரோடு உட்கார்ந்து அந்தக் கட்டுரையை வாசிப்பது. மதிப்பெண்ணும் புகாரும் தண்டனையும் அதற்குப் பிறகுதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின் எண்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டி 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையும் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அதே ஒழுங்குமுறை ஒப்படைவு, பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆய்வேட்டுக்கென வகுத்த அளவுகோலை அக மதிப்பீட்டுக் கட்டுரைமேல் வைத்து, "22 விழுக்காடு வந்திருக்கிறது, ஃபெயில்" என்று சொல்லும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வகுப்பறைக் கட்டுரையைப் பொறுத்தவரை பொறுப்பு முழுவதும் ஆசிரியரிடமே வந்து சேர்கிறது.

எண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்வது தமிழில் இன்னும் ஆபத்தானது. குறுந்தொகை பற்றிய கட்டுரையில் பாடல்களை எடுத்துக் காட்டாமல் முடியாது. மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளி அச்சிடுவதே நம் வழக்கம். மென்பொருளோ அவற்றையும் ஒப்புமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. மறுபுறம், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய ஆய்வேட்டை நகலெடுத்தால் திரையில் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வெறும் படமாக வருடப்பட்ட ஏடுகளும் உண்டு. அவற்றிலிருந்து ஒருவர் பத்துப் பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தாலும் அறிக்கை தூய்மையாக வரலாம். எடுத்தாண்டதற்கெல்லாம் மேற்கோள் காட்டியவர் மாட்டிக்கொள்ள, முழுதாக எடுத்தவர் தப்பிவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் நிலை இதைவிட மோசம். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று சொல்லி ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகச் சொல்லின.

கருவியைவிட எனக்கு அச்சம் தருவது ஆசிரியர் அறையில் கேட்கும் ஒரு வாக்கியம்: "அந்தப் பையனுக்கு இவ்வளவு நல்ல தமிழ் வராதே." எந்தப் பையனைப் பற்றி இதைச் சொல்கிறோம், எவரைப் பற்றிச் சொல்வதே இல்லை என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்து வைத்துப் பார்த்தால், ஐயம் எங்கிருந்து பிறக்கிறது என்பது புலப்படும். ஊர், சாதி, பள்ளி, உடை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நான் அப்படி ஐயப்பட்ட மாணவர் ஒருவர், கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் தன் கட்டுரையின் மூன்றாம் பத்தி ஏன் பலவீனமானது என்று எனக்கே விளக்கினார். ஊர்க் கிளை நூலகத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வருபவர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னும் குற்றம் சாட்டியிருந்தால் எந்த மன்னிப்பும் அதை ஈடுசெய்திருக்காது.

ஆகவே உரையாடலுக்கும் ஒரு முறை வேண்டும். மதிப்பெண்ணை நிறுத்தி வைத்து, ஐயத்துக்குரிய பகுதியையும் அதன் மூலத்தையும் ஆசிரியரே தேடி அருகருகே வைக்க வேண்டும். மூலம் கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்று மாணவரிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "காப்பி அடிச்சியா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு, பயந்தவர் இரண்டில் எதையும் சொல்வார். இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தாய், இந்த நூல் எங்கே கிடைத்தது, இந்தப் பத்தியை உன் பேச்சில் சொல் என்று கேட்டால் எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு தானாகத் தெரியும். பேசியதைத் தேதியிட்டு எழுதி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு. பிடித்த மாணவர், பிடிக்காத மாணவர் எல்லோருக்கும் இதே முறைதான் என்றால்தான் அது முறை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுத்தோம். கல்லூரிக்கு வந்ததும் அதே பழக்கத்துக்குத் திருட்டு என்று பெயர் வைக்கிறோம். இடையில் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர நம்மிடம் சரக்கு இல்லாமலும் இல்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரித்துப் பேசுகிறது. தொல்காப்பியர் முன்னோர் கருத்தை 'என்ப' என்று சுட்டிச் செல்கிறார். இரவல் எது, தன்னுடையது எது என்று காட்டுவது நம் புலமை மரபின் உள்ளேயே இருக்கிறது. முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

இதெல்லாம் மென்மை காட்டச் சொல்லும் வாதம் அன்று. காசு கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்குவோர் இருக்கிறார்கள். எழுதிக் கொடுப்போரும் இருக்கிறார்கள். தன் ஏட்டின் தலைப்புச் சொல்லுக்கே பொருள் சொல்லத் தெரியாதவரை உட்கார வைத்துக் குறிப்பெடுக்கக் கற்றுத்தருவது பயனற்றது. அத்தகைய வழக்கு துறைக் குழுவுக்குப் போக வேண்டும்; நெறியாளர் தயங்கினாலும் போக வேண்டும். அங்கும் இயற்கை நீதியின்படி மாணவர் தரப்பைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2018 ஒழுங்குமுறை.

அறுபது பேர் வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பருவத்துக்கு இரண்டு ஒப்படைவு என்பதை ஒன்றாக்கி, முதல் வரைவையும் நோட்டையும் சேர்த்து வாங்கினால் நேரம் கிடைக்கும்; ஐயங்களும் குறையும். மேலே சொன்ன மாணவிக்குத் திருத்தி எழுத இரண்டு வாரம் கொடுத்தேன். இரண்டாவது முறை வந்த கட்டுரை இரண்டரைப் பக்கம்தான். ஆய்வேட்டாசிரியரின் பெயரும் பக்க எண்ணும் அதில் இருந்தன. அவர் கருத்தைத் தான் ஏன் ஏற்கவில்லை என்று அதற்குக் கீழே நான்கு வரி எழுதியிருந்தார்.