வைபவமாலையும் ஒரு விமர்சனமும்

ஆய்வேடுகளில் 'இலக்கிய மீளாய்வு' என்றோர் அத்தியாயம் இருக்கும். அண்மைக் காலத்தில் என் பார்வைக்கு வந்த பலவற்றில் அது நூற்பெயர்களின் அடுக்காகவே காணப்படுகின்றது. அவர் இவ்வாறு கூறுகின்றார், இவர் அவ்வாறு கூறுகின்றார்; அத்துடன் சரி.

இதற்கு மாறான நல்லதொரு முன்மாதிரி நம்மிடமே உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை, நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்னும் நூலில் பரிசோதித்தார். புலவர் கூறியதை மீளக் கூறுவதல்ல அவர் நோக்கம். அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பனவே வைபவமாலையின் மூலங்கள் என்பர். பின்னிரண்டும் இன்று கிடைப்பதில்லை.

ஆண்டுக்கணக்கொன்றைப் பாருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு கட்டியது சக வருடம் 870 என்கின்றது ஒரு தனிப்பாடல், அதாவது கி.பி. 948. கோட்டை அரசின் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோ 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அவனே பின்னர் புவனேகபாகு என முடிசூடினான். இருவரும் ஒருவரே எனக் கொள்வோருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இடறுகின்றன. 948 என்று பத்து நூல்கள் எழுதினாலும், பத்தும் அப்பாடலிலிருந்தே எடுத்தவையாயின் சான்று ஒன்றுதான். (ஒரே செய்தி நிறுவனத்தின் தகவலை நான்கு பத்திரிகைகள் வெளியிட்டால் நான்கு சாட்சிகள் ஆகிவிடுமா?)

சுவாமியாரின் முடிவுகள் யாவும் நிலைத்தன என்பதற்கில்லை. ஆரியச் சக்கரவர்த்திகளின் பூர்வீகம் பற்றி முதலியார் இராசநாயகத்துடன் அவர் முரண்பட்டார். பின்வந்தோர் இருவருடனும் முரண்பட்டனர். ஆனால் எந்த இடத்தில், எந்தச் சான்றின் மீது முரண்படுகின்றோம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.