சோழமண்டலக் கரையின் வடக்கெல்லை: யூல், பர்னல் கருத்துக்கு ஒரு மறுப்பு

கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் திரிபே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, அதுவரை நடந்துவந்த பெயர் வழக்கை ஏறத்தாழ முடித்துவைத்தது. ஆனால் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிடைத்த விடையையே, அந்தப் பெயருக்குரிய நிலம் எது என்பதற்கும் விடையாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோழமண்டலம் என்று பெயர் இருப்பதால் சோழர் நாட்டுக் கரை. சோழர் நாடு தஞ்சையில் தொடங்கி வடக்கே விரிந்ததால் கரையும் கூடவே விரிந்தது. இந்த இரண்டாம் படியைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

அவர்கள் தரும் எல்லையை முதலில் பார்த்துவிடலாம். கோரமண்டல் என்பது வடதமிழ்நாட்டுக்கு, அல்லது இன்னும் பரந்த பொருளில் கோடியக்கரையிலிருந்து வடக்கே கிருஷ்ணை முகத்துவாரம் வரையுள்ள கரைக்கு, ஐரோப்பியர் வழங்கிய பெயர். சிலவேளை ஒரிசா வரையிலும் செல்லும் என்கிறார்கள். ஒரே பெயருக்கு மூன்று அளவுகள். இவற்றுள் எதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு என்று அவர்கள் பிரித்துக் காட்டவில்லை. சோழமண்டலம் என்னும் வடிவத்துக்கு இரண்டு சான்றுகளை மட்டும் சுட்டுகிறார்கள்: 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மாமல்லபுரத்துக்கு அருகில் வராகசுவாமி கோயிலில் உள்ள, கி.பி. 1101ஐச் சேர்ந்த கல்வெட்டு.

சிக்கல் இரண்டாவது சான்றில் இருக்கிறது. முதலாவதாக, எந்த வராகர் கோயில்? மாமல்லபுரத்து ஆதிவராகர் குடைவரையைச் சொல்கிறார்களா, அதற்கு வடக்கே கடலோரத்தில் உள்ள திருவிடந்தைக் கோயிலைச் சொல்கிறார்களா என்பது அந்த ஒரு வரியிலிருந்து விளங்கவில்லை. ‘அருகில்’ என்ற சொல் திருவிடந்தைக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்துகிறது. எதுவாயினும் அது தொண்டை நாட்டுக்குள் இருக்கும் கோயில். கடற்கரைக் கோயிலில் உள்ள ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மாமல்லபுரத்தை ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டில் வைக்கிறது. கோட்டம் என்னும் பிரிவு தொண்டை நாட்டுக்கே உரியது. காவிரிப் படுகையில் அது கிடையாது. அப்படியிருக்க, 1101இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், இந்தப் பகுதிக் கல்வெட்டொன்றில் சோழமண்டலம் என்று வந்தால் அதற்கு இரண்டு விளக்கங்களே இருக்க முடியும். கொடையாளி காவிரிக் கரையிலிருந்து வந்து தன் ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இல்லையெனில் ஊரைக் குறிக்க வந்த தொடர் ‘ஜயங்கொண்ட சோழமண்டலத்து’ என்று தொடங்கியிருக்க வேண்டும். அதன் முன்பாதி அகராதிக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிட்டது.

இரண்டாவதே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. தொண்டை நாட்டுக்கு ஜயங்கொண்ட சோழமண்டலம் என்று ராஜராஜன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் பெயர் சூட்டிய பின், அப்பகுதிக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயருக்கு முன்னால் அதுதான் வழக்கமாக வருகிறது. இரண்டும் ஒன்றெனக் கொள்வது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால் எல்லையைப் பேசும்போது இந்த ஒரு அடைமொழியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. கல்வெட்டின் மைப்படியை வைத்துப் படித்தாலன்றி இதை முடிந்த முடிபாகச் சொல்ல இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்களின் முதல் சான்றே அவர்களுக்கு எதிராக நிற்கிறது என்பது வேடிக்கை. பெரிய கோயிலுக்குப் பண்டாரிகளும் கணக்கர்களும் பிறரும் அனுப்ப வேண்டிய ஊர்களைப் பற்றிய பதிவு, சோழமண்டலத்தைத் தனியாகவும், தொண்டை நாடான ஜயங்கொண்ட சோழமண்டலத்தைத் தனியாகவும், பாண்டி நாடான ராஜராஜ மண்டலத்தைத் தனியாகவும் சொல்கிறது. அதே கோயிலின் கல்வெட்டில் ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆகிறது. சோழனுக்கு அடங்கிய நிலமெல்லாம் சோழமண்டலம் என்று தஞ்சை அதிகாரிகள் கருதவில்லை. வென்ற நாடு ஒவ்வொன்றுக்கும் அடைமொழி ஏற்றிய பெயர். அடைமொழி இல்லாத பெயர் காவிரி நாட்டுக்கு மட்டும். தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர் பர்னல். அகராதி அச்சேறும் முன் 1882இல் மறைந்துவிட்டார். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல்தான் வெளிவந்தது. ஆகவே பர்னலைக் குறைசொல்வது நியாயமாகாது. 1903இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்த வில்லியம் குரூக்குக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை.

அடைமொழியற்ற சோழமண்டலத்தின் எல்லை மரபில் தெளிவாகவே இருக்கிறது, ஒரு பக்கம் நீங்கலாக. கிழக்கே கடல், தெற்கே வெள்ளாறு, மேற்கே கோட்டைக்கரை, பரப்பு 24 காதம் என்று பழைய வெண்பா கூறும். வடக்கெல்லையாக அது ஏணாட்டைச் சொல்கிறது. மரபைச் சுருக்கித் தரும் நீலகண்ட சாஸ்திரியோ, ஒரே பெயர் கொண்ட இரு ஆறுகளுக்கு, அதாவது வடவெள்ளாற்றுக்கும் தென்வெள்ளாற்றுக்கும், இடைப்பட்டது சோழ நாடு என்கிறார். வடவெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. தென்வெள்ளாறு புதுக்கோட்டைச் சீமை வழியே ஓடி மணமேல்குடிப் பக்கம் கடலை அடைகிறது. இந்த இரண்டு கழிமுகங்களுக்கு இடைப்பட்டதே கல்வெட்டுக்கும் மரபுக்கும் ஒத்த சோழமண்டலக் கரை.

இதை ஐரோப்பியரின் கரையோடு ஒப்பிட்டால் விந்தையான விளைவு கிடைக்கிறது. அதிராம்பட்டினம் முதல் மணமேல்குடி வரை சந்தேகமின்றிச் சோழமண்டலம். ஆனால் அது கோரமண்டல் அல்ல, கோடியக்கரையோடு கோரமண்டல் முடிந்துவிடுகிறது. மசூலிப்பட்டினம் எந்தக் காலத்திலும் சோழமண்டலம் அல்ல. ஆனால் 17ஆம் நூற்றாண்டுக் கோரமண்டலின் முதன்மைத் துறைமுகங்களில் ஒன்று. தெற்கில் வெட்டு விழுந்ததற்குக் காரணம் கடலில் இருக்கிறது. கோடியக்கரையைத் தாண்டியதும் கரை மேற்கே திரும்பிப் பாக் நீரிணையின் ஆழமற்ற நீருக்குள் போகிறது. தோணிக்கு அது வழி, பெரிய கப்பலுக்கு வழியல்ல. கப்பல் போகாத கரைக்கு மாலுமியின் வரைபடத்தில் வேறு பெயர் வந்தது.

வடக்கே நீண்டதற்குத்தான் விளக்கம் தேவை. இங்கே சான்றுகள் குறைவு. ஆயினும் துணிந்து ஒரு கருத்தை முன்வைக்கிறேன். காவிரி நாட்டுப் பெயரை ஐரோப்பியர் அறியாமையால் வடக்கே இழுத்துச் சென்றார்கள் என்பது பொதுவான எண்ணம். அப்படி இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஜயங்கொண்ட சோழமண்டலம் என்னும் ஆட்சிப் பிரிவு நெல்லூர் வரை சென்றது. நெல்லூரான விக்கிரமசிங்கபுரத்தை அந்த மண்டலத்தில் வைக்கும் கல்வெட்டுகள் உண்டு. சோழர் மறைந்த பிறகும் அந்தப் பெயர் மறையவில்லை. விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் காஞ்சி வட்டாரத்தை அதே பெயரால்தான் குறிக்கின்றன. ஆகப் போர்த்துகீசியர் வந்தபோது வடவெள்ளாற்றுக்குத் தெற்கே ஒரு சோழமண்டலமும், பெண்ணைக்கு வடக்கே இன்னொரு சோழமண்டலமும் ஆவணத்தில் உயிரோடு இருந்தன. இடையில் நடுநாட்டின் சிறு கரை, பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் இடைப்பட்டது. அதற்கு எவரும் உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. வாய்வழக்கில் அடைமொழி தேய்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. வாஸ்கோ ட காமாவின் 1498ஆம் ஆண்டுப் பயணக் குறிப்பிலேயே ‘சோமந்தார்லா’ என்ற வடிவம் வருகிறது. கிழக்குக் கரையைப் போர்த்துகீசியர் கண்ணால் காணும் முன், கள்ளிக்கோட்டைப் பக்கம் காதால் கேட்ட பெயர் அது. 1510இல் வெளியான, இத்தாலியப் பயணி வர்த்தமாவின் நூல் ‘சோரமண்டெல்’ என்று சொல்வது கொல்லத்திலிருந்து ஏழு நாள் கடல் வழியில் இருந்த ஒரு நகரத்தை. அது நாகப்பட்டினமாகலாம் என்பர். எனில் பெயர் தெற்கிலிருந்தே புறப்பட்டது என்று வாதிடலாம். மேற்குக் கரை மாலுமிகளைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சில ஆண்டுகளிலேயே போர்த்துகீசியரான பார்போசா அதே பெயரின் கீழ்க் கரையை விவரித்துக்கொண்டு மயிலாப்பூர் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறார். நகரப் பெயர் அத்தனை விரைவில் அவ்வளவு நீளக் கரையின் பெயராவதற்கு, அங்கே ஏற்கெனவே அப்படியொரு பெயர் காத்திருந்தது என்பதே எளிய விளக்கம்.

அதன்பின் நிகழ்ந்ததை வணிகம் முடிவுசெய்தது. டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613 அளவில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, கோரமண்டல் முழுவதையும் அங்கிருந்து நிர்வகித்தார்கள். ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்துக்கு வந்தார்கள். சென்னை 1639க்குப் பிறகு. 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியபோதுதான் பெயர் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது எனலாம். மூன்றாண்டுகள் கழித்து வெளிவந்த டேனியல் ஹவார்ட்டின் நூல் கோரமண்டலின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் தலைப்பிலேயே சொல்கிறது; உள்ளே பெரும்பகுதி கோல்கொண்டா நாட்டுத் தெலுங்கு ஊர்களைப் பற்றியது.

இந்தப் பின்னணியில் பழவேற்காட்டை ஒட்டிய கரிமணல் என்னும் சிற்றூரின் வழக்கையும் மறுபடி பார்க்க வேண்டும். கோரமண்டல் என்ற பெயர் இந்த ஊரிலிருந்தே பிறந்தது என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1856ஆம் ஆண்டு முதல் பதிப்பில் கருதினார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டார். சி.பி. பிரவுன் விடவில்லை. யூலும் பர்னலும் பிரவுனைக் கேலியோடு ஒதுக்கித் தள்ளினார்கள். பெயராய்வாக அது தோற்க வேண்டிய வாதந்தான். ஆனால் தோற்ற வாதமும் ஒரு செய்தியைச் சொல்கிறது. கரையின் பிறப்பிடத்தைத் தேடியவர்கள் தஞ்சையை விட்டுப் பழவேற்காட்டில் தேடினார்கள் என்றால், சென்னைவாசிகளின் மனத்தில் கரையின் நடு எங்கே இருந்தது என்பது வெளிப்படை. அகராதி ஆசிரியர்கள் இந்தச் செய்தியைப் பிழையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

தமிழ்ப் புலவர்கள் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகமும் ஆத்மநாத தேசிகரின் சோழமண்டல சதகமும் தத்தம் நாட்டுப் பெருமையை நூறு நூறு பாட்டாக அடுக்கின. தொண்டை நாட்டான் தன்னைச் சோழமண்டலத்தான் என்று சொல்லிக்கொள்ளச் சதகத்தில் இடமே இல்லை. ராஜராஜன் சூட்டிய பெயர் ஆவணத்தில் 500 ஆண்டுகளுக்கு மேல் நின்றும் உள்ளூர்ப் பெருமிதத்தை அசைக்க முடியவில்லை. 1950களில் ம.பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியபோதும் எல்லையாகச் சொன்னது வேங்கடத்தை. கோரமண்டல் என்ற பெயரால் எவரும் நிலம் கேட்கவில்லை. 1960இல் எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பின் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் ஊர் தமிழ்நாட்டிலுமாக நிற்கின்றன.

கிருஷ்ணை முகத்துவாரம் எல்லையாக எப்போது உறைந்தது என்பதை இப்போதைக்குத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் கரையைக் கோதாவரி வரை கொண்டுபோகிறார். பிற்கால மாலுமி நூல்கள் மசூலிப்பட்டினப் பக்கத்தைக் கோல்கொண்டாக் கரை என்று பிரிக்கின்றன. 1760களில் வடசர்க்கார்கள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து தனி நிர்வாகப் பெயர் பெற்றதும் அந்தப் பிரிவு வலுத்திருக்கலாம். ஆனால் கோல்கொண்டாக் கரை என்ற பெயர் அதற்கு முந்தியதாகவே தோன்றுகிறது. 1687இல் கோல்கொண்டா அரசு வீழ்ந்துவிட்டதால், பெயர் அதற்கு முன்பே மாலுமிகளிடம் வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடல்வரைபடங்களை வரிசைப்படி ஒப்பிட்டுப் பார்ப்பவர்களே இந்த ஊகத்தை நிறுவவோ தள்ளவோ முடியும்.