துறைமுகத்துக் கார், மவுண்ட் ரோடு மரியாதை

மெட்ராஸ் நகரத்தில் முதன்முதலாகப் பதிவான காரின் எண் எம்.சி. 1. அது ஜமீன்தார் யாருடையதும் அல்ல, துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. 1881 புயல் சிதைத்துவிட்டுப் போன துறைமுகத்தை, 1904 முதல் 1919 வரை போர்ட் டிரஸ்ட் தலைவராக இருந்து, வடகிழக்கில் புது வாசல் அமைத்து உருப்படியாக்கியவர் அவர். 1912-ல் அவருடைய கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜ் போகக் கைகொடுத்தவர்களில் ஸ்பிரிங்கும் உண்டு. அந்தக் குமாஸ்தா ராமானுஜன். அதற்காகத்தான் ஊர் இன்றும் ஸ்பிரிங்கை நினைக்கிறது, காருக்காக அல்ல.

அவருக்கும் முன்பே, 1901-ல், பாரி கம்பெனி இயக்குநர் யார்க் அடையாற்று பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் காரில் வந்துகொண்டிருந்தார். எம்.சி. 3 என்ற எண்ணை வாங்கியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய அதே ஒப்பந்தக்காரர்தான். பிரெஞ்சுத் தயாரிப்பான டி டியோன் அவருடையது. இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர் அவர் என்கிறார்கள்.

அன்றைய மெட்ராஸில் ஓடிய கார்கள் பெரும்பாலும் கடல் வழியே வந்தவை. பெட்டியில் அடைத்து, கிரேனில் தூக்கி, ஜார்ஜ் டவுனை ஒட்டிய துறைமுகத்தில் இறக்கி, சுங்கம் கட்டி எடுக்க வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். யார் ஓட்டுவது? நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? பெட்ரோலும் தகர டின்னில்தான் கிடைத்தது. குதிரை வண்டிக்குக் கோச்சுமான் இருந்தான், லாடம் கட்ட ஆள் இருந்தான், இந்த இயந்திரத்துக்கு ஒருவரும் இல்லை. எனவே அந்தக் காலத்தில் கார் விற்றவனின் கவனிப்பு என்பது தேநீரும் நாற்காலியும் அல்ல. ஓட்டத் தெரிந்த ஒருவரைத் தயார் செய்து கொடுப்பதே பெரிய உபகாரம். இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இதற்கென்றே டிரைவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது. எஜமானரின் கையில் கார், டிரைவரின் கையில் சான்றிதழ்.

மெட்ராஸில் இந்தப் பொறுப்பு வந்து விழுந்த இடங்களில் முதன்மையானது மவுண்ட் ரோட்டில் இருந்த சிம்ப்சன். 1840-ல் தொடங்கிய கம்பெனி. குதிரைச் சேணத்திலிருந்து சாரட்டு வரை, ராஜாக்களின் வண்டிகள் வரை கட்டிக் கொடுத்த பட்டறை. 1903-ல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து மெட்ராஸ் வீதிகளில் ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

அன்றைய உயர்ந்த ரகக் கார்கள் முழு வண்டியாக வருவது குறைவு. இன்ஜினும் சேசிஸும் சக்கரமும்தான் கப்பலில் வரும். மேலே உட்காரும் உடம்பைக் கட்டுவது தனித் தொழில். முதலில் மரத்தில் எலும்புக்கூடு. அதன்மேல் கையால் தட்டி வளைத்த தகடு. பிறகு பூச்சு, உலர்த்தல், தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று வாரக்கணக்கில் போகும். இருக்கைத் தோலின் நிறம் வாடிக்கையாளர் சொல்வது. கூரையின் உயரமும் அவர் சொல்வதுதான், தலைப்பாகை இடிக்கக் கூடாதல்லவா! கடற்காற்றும் வெயிலும் தின்றுவிட்ட பூச்சைப் புதுப்பிக்க அதே பட்டறைக்கு வண்டி திரும்பி வரும். ஒரே மேஸ்திரி, ஒரே வண்டி, ஆண்டுக்கணக்கில் உறவு. இன்றைக்கு ‘உங்கள் விருப்பப்படி’ என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் பட்டியலில் உள்ள நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அன்று பட்டியலே கிடையாது.

சிம்ப்சன் பிற்பாடு அனந்தராமகிருஷ்ணனின் கைக்கு வந்து, அமால்கமேஷன்ஸ் குழுமமாக விரிந்து, டீசல் இன்ஜின் தயாரிக்க வடசென்னைச் செம்பியத்துக்குப் போனது. இந்தியா பிஸ்டன்ஸும் அங்கேதான். விற்பனைக் கூடம் மவுண்ட் ரோட்டில், உலைக்கூடம் வடக்கே என்ற பிரிவினை அந்தக் காலத்திலேயே உறுதியாகிவிட்டது. அதன் பிறகு நெடுங்காலம் அது மாறவில்லை.

வடசென்னைக்கும் காருக்கும் உள்ள நேரடி உறவு எண்ணூரில் தொடங்கியது. 1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். மகன் பெயர் அசோக், அதையே கம்பெனிக்கும் வைத்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம். பாகங்களாகப் பிரித்து வந்த ஏ40 கார்களை எண்ணூரில் பூட்டி 1949 முதல் விற்றார்கள். ஆயிரத்து இருநூறு சி.சி. இன்ஜின், சுமார் நாற்பது குதிரைத்திறன். லண்டனில் அது நடுத்தர வர்க்கத்துக் குடும்பக் கார். இங்கே டாக்டரும் வக்கீலும் வைத்திருந்த ஆடம்பரம். 1949-ல் எந்தக் காருமே இந்தியனுக்குச் சொகுசுதான் என்பதால் அளவுகோலை லண்டனிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த ஆஸ்டின் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1950-ல் லேலண்டோடு உடன்பாடு, 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது, லாரியும் பஸ்ஸும் முதலிடம் பிடித்தன. நாட்டு நிலவரமும் அப்படி. வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்றால் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று 1953-ல் டாரிஃப் கமிஷன் சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எஞ்சியவை கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு.

இங்கேதான் வாடிக்கையாளர் கவனிப்பு தலைகீழானது. 1959-ல் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் வேண்டுமா, 2,000 ரூபாயைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டு டீலர் பெயருக்கு ஈடு காட்ட வேண்டும். பல மாதச் சம்பளம் அது. வரிசை எண் கிடைக்கும், பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. கார் வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு அனுமதியில்லாமல் விற்க முடியாது. வரிசையை உடைக்கும் செல்வாக்கே அன்றைய உச்சச் சலுகை. நிறம் கேட்பது, இருக்கைத் துணி கேட்பதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம். டெலிவரி என்று ஒரு தந்தி வந்தாலே வீட்டில் சர்க்கரைப் பொங்கல். டீலரிடம் கோபித்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை, அடுத்த கார் அவரிடம்தானே வாங்க வேண்டும்.

வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றவர்களுக்கு இன்னொரு வாசல் இருந்தது. தூதரகத்தார் விட்டுச் செல்லும் வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். நடிகர்களும் முதலாளிகளும் அப்படித்தான் இம்பாலாவும் பிளிமத்தும் வைத்துக்கொண்டார்கள். உதிரி பாகம்? கம்பெனியும் இல்லை, சர்வீஸ் சென்டரும் இல்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துக் குவித்த கடைகளில் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையைக் கடைந்து புஷ் செய்து மாட்டுவார்கள். தேய்ந்த பாகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தே அளவு சொல்லும் மெக்கானிக்குகளுக்கு டெட்ராய்ட்டில் கூட வேலை கிடைத்திருக்கும்.

பற்றாக்குறைக் காலத்தில் லாபம் பார்த்த இடம் திருவொற்றியூர். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். புது டயர் எளிதில் கிடைக்காத நாட்டில் பழைய டயருக்கு ஆயுள் நீட்டிப்பதைவிடப் பெரிய சேவை எது? 1960-61 வாக்கில் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயர் தொழிற்சாலை ஆனது. அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப்.

அதே திருவொற்றியூரில் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவம் கேட்ட 350 சி.சி. புல்லட்தான் தூண்டுதல். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ல் மூடியே போனது, 1977-ல் திருவொற்றியூர் புல்லட் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. துறைமுகத்தின் கணக்கேட்டில் இதைவிடச் சுவாரசியமான வரவு செலவு இருக்குமா என்பது சந்தேகமே.

புல்லட் கார் அல்லவே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் இன்று பெரிய கார் கம்பெனிகள் ‘உரிமையாளர் அனுபவம்’ என்று பெயர் வைத்து விற்பதைப் புல்லட்காரர்கள் யாரும் சொல்லித்தராமலே செய்துகொண்டிருந்தார்கள். அவரவருக்கு ஒரு மெக்கானிக், அவர் கைபட்டால்தான் வண்டிக்கு உயிர் என்ற நம்பிக்கை, ஞாயிற்றுக்கிழமை கூட்டுப் பயணம். பெட்ரோல் டேங்கின் தங்கநிறக் கோட்டை அந்தத் தொழிற்சாலையில் கையால்தான் போட்டார்கள். அணில்வால் போல நீண்ட மயிர்கொண்ட தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, அளவுகோலோ ஸ்டிக்கரோ இல்லாமல், டேங்கின் வளைவோடு மணிக்கட்டையும் வளைத்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் தெரிந்துவிடும். அதனால் எந்த இரண்டு டேங்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. கூடுதல் விலை வாங்கிக்கொண்டு ரோல்ஸ்-ராய்ஸ் காரின் பக்கவாட்டில் ஒருவர் கையால் கோடு போடுவதை உலகமே வியக்கிறது. திருவொற்றியூரில் அது புல்லட்டின் விலைக்குள்ளேயே அடக்கம். 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2013-க்குப் பிறகு பெரிய உற்பத்தி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நகர்ந்தது.

1991-ல் வந்த பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் கதை வேகமெடுத்தது. 1995-ல் பூனாவில் மெர்சிடிஸ், 2007-ல் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டினால் வரி குறைவு என்ற ஆஸ்டின் காலத்துக் கணக்கே மறுபடி வந்தது. கூடவே பழைய பழக்கங்களும் புதுப் பெயரில் திரும்பின. ரோல்ஸ்-ராய்ஸ் இப்போதும் டிரைவர்களுக்குப் பயிற்சி தருகிறது, ‘வெள்ளைக் கையுறை’ என்று அதற்குப் பெயர். சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டும் பேக்கேஜ், நடுவழியில் நின்றால் இழுத்துப் போகும் உதவி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வண்டியைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே காபி.

இந்தக் கவனிப்பு எவ்வளவு தாங்கும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சோதித்தது. நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பினால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பல லட்ச ரூபாய் இன்ஜின் அந்த ஒரு நொடியில் போகும். அதற்கென்று தனியாகப் பாதுகாப்பு எடுக்காதவர்களின் கோரிக்கையை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தட்டிக் கழித்தன. பல கார் கம்பெனிகள் வெளியூரிலிருந்து இழுவை வண்டிகளையும் மெக்கானிக்குகளையும் வரவழைத்துத் தங்கள் வாடிக்கையாளர்களைக் கவனித்தன. பாராட்ட வேண்டியதுதான்.

எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. படகிலும் வலையிலும் தார் போல ஒட்டியது. 1969-ல் ஓடத் தொடங்கிய ஆலை அது. நகரத்துக் கார்களுக்கான எரிபொருள் அங்கே தயாராகிறது. காருக்கு வரும் இழுவை வண்டி போல ஒன்று கட்டுமரத்துக்குக் கிடையாது. எண்ணெயை வாளியில் அள்ளி எடுத்தவர்களில் மீனவர்களே இருந்தார்கள்.

இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. பெட்டியில் வந்திறங்கிய கரையிலிருந்து இப்போது ஓட்டியபடியே கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். சொகுசு கார் ஷோரூம்களோ பெரும்பாலும் பழைய மவுண்ட் ரோடான அண்ணா சாலையிலும் கிண்டியிலும் அதற்குத் தெற்கிலும்தான்.

இந்தத் தொழிலின் வரலாறு கம்பெனி மலர்களில் முதலாளிகளின் கதையாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வாங்கியவன், ஓட்டியவன், பழுது பார்த்தவன் பக்கத்துக் கதை வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்களில் இருக்கிறது. தாத்தாவின் ஆஸ்டின் கையேடு, தபால் நிலைய ஈட்டு ரசீது, என்ஃபீல்டு சர்வீஸ் கூப்பன், டிரைவரின் பழைய லைசென்ஸ் எதுவாயினும் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஒரு புகைப்படமாவது எடுத்து வையுங்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அப்படி ஏதாவது வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் இன்னும் இருப்பார்கள், இப்போதே போய்க் கேட்க வேண்டும்.