அசோகர் மரம் மட்டும்தானா நட்டார்?

 இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் இப்போது ஒரு நிறுவனத்தில் நாற்பது பேருக்கு மேலாளர். போன மாதம் போன் செய்தான். அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்களாம். தலைமை தாங்குகிறவன் முதலில் தன்னைக் கவனிக்க வேண்டும், தனக்குக் கோபம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களை நடத்தப் புறப்பட வேண்டும் என்று சொன்னார்களாம். "எமோஷனல் இன்டெலிஜென்ஸ்னு பேர் டீச்சர். அமெரிக்காவுல கண்டுபிடிச்சது. நம்ம ராஜாக்கள்ல யாராவது இதையெல்லாம் யோசிச்சிருப்பாங்களா?" என்று கேட்டான்.

அசோகர் என்றேன். சிரித்துவிட்டான். "சாலை ஓரத்துல மரம் நட்டவரா டீச்சர்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் அசோகரை அப்படித்தானே படித்தோம்? கலிங்கப் போர், பிணக்குவியல், மன்னர் கண்ணீர் விட்டார், புத்த மதத்தைத் தழுவினார், சாலையோரம் மரங்களை நட்டார், கிணறுகளை வெட்டினார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் அவர் கல்லில் வெட்டி வைத்ததில் மரமும் கிணறும் ஓரத்தில் வருகிற சங்கதிகள்தான். அதைவிட அதிகமாக அவர் பேசியது மனசைப் பற்றி. அதிகாரத்தில் இருப்பவன் மனசில் என்ன நடக்கிறது, அதனால் ஏழை எப்படி அடிபடுகிறான் என்பதைப் பற்றி.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி என்று ஒரு பகுதி வரும். ராஜா எந்தெந்த நாட்டை வென்றார், யார் முடியைப் பறித்தார் என்று வரிசையாக அடுக்கும். அசோகர் கல்வெட்டு அந்த ரகம் இல்லை. ராஜாவே நேரில் பேசுவது போல இருக்கும். நூற்றாண்டுக் கணக்காக அதைப் படிக்க ஆள் இல்லாமல் போயிற்று. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் 1837 இல் அந்த பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார்.  பெரும்பாலான கல்வெட்டுகளில் "தேவானாம்பிய பியதசி" என்று பட்டப்பெயர்தான் இருக்கிறது. 1915 இல் இன்றைய கர்நாடகத்து மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகன் என்ற பேரே வெட்டியிருந்தது. இந்த ராஜா அவர்தான் என்பது அதில் உறுதியாயிற்று.

கலிங்கப் போர் அவர் முடிசூட்டிக்கொண்ட எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 261 வாக்கில் நடந்தது. அவருடைய 13 ஆம் பாறைக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. 1,50,000 பேர் ஊரைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1,00,000 பேர் களத்தில் கொல்லப்பட்டார்கள். வேறு விதமாகச் செத்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. வென்ற ராஜா இந்தக் கணக்கைத் தானே வெளியிடுகிறார். உயிர் தப்பியவன்கூட, தன் சொந்தக்காரனும் சிநேகிதனும் பட்ட பாட்டால் துன்பப்படுகிறான் என்றும் எழுதுகிறார். செத்தவனை எண்ணத் தெரிந்த ராஜாக்கள் பலர் உண்டு. பிழைத்தவன் துக்கத்தையும் கணக்கில் சேர்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆனால் அழுததோடு அவர் நின்றிருந்தால் நான் இந்தப் பதிவை எழுத மாட்டேன். சண்டை முடிந்த மறுநாள் வருந்துவது பெரிய காரியம் இல்லை. அடுத்து வந்த வருஷங்களில் அவர் தன்னைத்தானே எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் விஷயம்.

சிறு பாறைக் கல்வெட்டு என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சொல்கிறார்: நான் புத்த நெறிக்கு வந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஆனால் அதில் ஓர் ஆண்டு பெரிதாக முயற்சி எடுக்கவில்லை. சிறு குழந்தை "டீச்சர், நான் சரியாப் படிக்கல" என்று சொல்வது போல இல்லை? சொல்வதோ பாடலிபுத்திரத்துச் சக்கரவர்த்தி. அதுவும் ஊர் ஊராகப் பாறையில் வெட்டிச் சொல்கிறார்.

சமையற்கட்டைப் பற்றியும் ஒன்று உண்டு. முன்பு என் அடுக்களையில் கறிக்காகத் தினமும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உயிர்களைக் கொன்றார்கள், இப்போது மூன்று மட்டும்தான் என்கிறார். இரண்டு மயில், ஒரு மான். அந்த மானும் எல்லா நாளும் இல்லை. இனி இந்த மூன்றையும் நிறுத்தப் போகிறோம் என்றும் சொல்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். முழுசாக விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து யார் கேட்கப் போகிறார்கள்? விட முடிந்ததையும் இன்னும் விடாததையும் அப்படியே எழுதி வைத்தார்.

முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆன காலத்தில் தூண்களில் வெட்டியவை வேறு ஒரு தொகுதி. அதில் மூன்றாவது, மனித மனசைப் பற்றியது. மனுஷன் தான் செய்த நல்லதை மட்டும்தான் பார்க்கிறான், இந்தக் கெட்டதை நான் செய்தேன் என்று பார்ப்பதே இல்லை, அப்படிப் பார்ப்பது கடினம்தான், ஆனாலும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் பட்டியல் இருக்கிறது: மூர்க்கம், கொடுமை, கோபம், மானம், பொறாமை. மானம் என்றால் நமக்கு நல்ல குணம். அந்தப் பிராகிருதத்தில் அது தற்பெருமை. இவற்றால் நான் கெட்டுப் போகக் கூடாது என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம். அந்தத் தூண்களில் ஒன்று அம்பாலா பக்கம் தோப்ரா என்ற ஊரில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதை தில்லிக்குக் கொண்டுவந்து தன் கோட்டையில் நிறுத்தினார். இன்றும் அங்கேதான் நிற்கிறது. தில்லியில் இருக்கும் பிள்ளைகள் போய்ப் பாருங்கள்.

இனி கலிங்கத்துக்கு வருவோம். புவனேஸ்வரம் பக்கத்தில் தௌலி என்று ஒரு சிறு குன்று. அடிவாரத்துப் பாறையில் அசோகர் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் கலிங்கத்தில் நடந்த கொலைக்கு வருந்தும் அந்த 13 ஆம் கல்வெட்டு அங்கே இல்லை. கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் இல்லை. எங்கோ வடமேற்கில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது. குஜராத்தின் கிர்நாரில் இருக்கிறது. ஆந்திரத்து எர்ரகுடியில் இருக்கிறது. அடிபட்ட ஜனங்களின் ஊரில் மட்டும் இல்லை. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அதே 13 ஆம் கல்வெட்டில் காட்டில் வாழும் குடிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: நான் வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது, ஒழுங்காக இல்லாவிட்டால் கொல்லப்படுவீர்கள். இதை மறைத்துவிட்டு அசோகரைப் புகழ்வது எனக்குச் சம்மதம் இல்லை. தன்னை அறிந்தவனும் முழுசாக அறிந்துவிடுவதில்லை.

சரி, கலிங்கத்தில் அதற்குப் பதிலாக என்ன வெட்டினார்? இரண்டு தனிக் கல்வெட்டுகள். முதலாவது, தோசலி நகரத்தில் நியாயம் விசாரிக்கும் மகாமாத்திரர்களுக்கு, அதாவது பெரிய அதிகாரிகளுக்கு. என் பிள்ளைகளுக்கு நான் என்ன நன்மை விரும்புகிறேனோ அதையே எல்லா ஜனங்களுக்கும் விரும்புகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் நேரே விஷயத்துக்கு வருகிறார். காரணம் இல்லாமல் ஒருவன் சிறையில் அடைபடுகிறான், கடுமையாக நடத்தப்படுகிறான், அவனால் இன்னும் பலர் வேதனைப்படுகிறார்கள். இது ஏன் நடக்கிறது?

சட்டம் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆள் பற்றாது, பணம் பற்றாது என்றும் சொல்லவில்லை. விசாரிக்கிறவனின் மனசில் ஏழு குறைகள் என்கிறார். பொறாமை. சட்டென்று நிதானம் இழப்பது. கடுமை. அவசரம். விடாமல் செய்யும் பழக்கம் இல்லாமை. சோம்பல். களைப்பு.

கடுமைக்கு அந்தக் கல்லில் உள்ள சொல் நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் நிஷ்டூரம்தான். சோம்பலுக்கு உள்ளது ஆலசியம். சொல்கூட நமக்கு அந்நியம் இல்லை, பாருங்கள்.

களைப்பைச் சேர்த்தாரே, அங்கேதான் எனக்கு வியப்பு. பொறாமையும் கோபமும் கெட்டவை என்று எந்தச் சாமியாரும் சொல்லிவிடுவார். களைத்துப் போன அதிகாரி அநியாயம் செய்வான் என்று சொல்ல நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். காலை முதல் பீரியடில் ஒரு பையன் நோட்டு கொண்டுவரவில்லை என்றால் "நாளைக்கு எடுத்துட்டு வா" என்பார்கள். அதே பையன் சாயங்காலம் மூன்றரை மணிக்கு மாட்டினால் வேறு கதை. குற்றம் ஒன்றுதான், மாறியது ஆசிரியரின் உடம்பு அலுப்பு. தாலுகா ஆபீஸிலும் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையிலும் மதியம் ஒரு மணிக்கு மேல் நின்று பார்த்தவர்களும் இதைச் சொல்வார்கள்.

ஏழையும் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றுக்கும் அடிவேர் இரண்டில்தான் இருக்கிறது என்கிறார்: நிதானம் இழக்காமல் இருப்பது, அவசரப்படாமல் இருப்பது. இந்த இரண்டும் கைவந்தால் மற்ற ஐந்தும் தானாகக் கட்டுக்குள் வரும் என்பது அவர் கணக்கு. என் போன் பையனுக்கு இரண்டு நாள் வகுப்பில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்!

புத்தி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. இந்தக் கல்வெட்டைத் திஷ்ய நட்சத்திரத்தன்று அதிகாரிகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். திஷ்யம் என்றால் நம் பூசம். நடுவிலும் சமயம் வாய்த்தால், ஒரே ஒருவன் இருந்தாலும் வாசிக்கலாம். ஒரு தரம் கேட்டால் மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கடுகடுப்பு இல்லாத, மென்மையான ஓர் அதிகாரியைச் சுற்றி அனுப்பி, எல்லாம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பார். உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் இருந்து இளவரசர்கள் மூன்று ஆண்டுக்குள்ளேயே அப்படி அனுப்ப வேண்டும். நம் ஊர் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரிதான், ஆனால் வருகிறவர் சிடுசிடுக்காதவராக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதிய ராஜா இவர்!

அவசரத்துக்கும் ஒரு தடுப்பு வைத்தார். மரண தண்டனை பெற்றவனுக்கு மூன்று நாள் தவணை. அதற்குள் சொந்தக்காரர்கள் அதிகாரியிடம் முறையிட்டு உயிரைக் காப்பாற்றப் பார்க்கலாம். மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை என்பதையும் இதில் இருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த மூன்று நாளில் எத்தனை அம்மாக்கள் ஓடியிருப்பார்கள்!

தனக்கும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், பல்லக்கில் போனாலும், தோட்டத்தில் உலாவினாலும் ஜனங்களின் காரியத்தை என்னிடம் வந்து சொல்லலாம் என்று தகவல் சொல்பவர்களுக்கு உத்தரவு. நான் வாயால் சொன்ன உத்தரவைப் பற்றி மந்திரி சபையில் தகராறு வந்தால் அதையும் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்கிறார். தன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிளம்பினால் அதைக் கேட்க விரும்புகிற மேலாளர் இன்று எத்தனை பேர் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "ஒருத்தர் கூட இல்ல டீச்சர், நானும் சேர்த்து" என்றான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. இதே கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பேர்கள் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாக வருகின்றன. அங்கெல்லாம் மனுஷருக்கும் கால்நடைக்கும் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ரொம்ப நாள் வாதாடினார்கள். 1981 இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, நம் அதியமான் நெடுமான் அஞ்சியை அந்தப் பேரால் அழைக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அவர் குலம்தான்!

பூரிக்குப் போகிற சொந்தங்கள் பெரும்பாலும் தௌலியில் வண்டியை நிறுத்துவீர்கள். குன்றின் மேல் இருக்கும் வெள்ளை சாந்தி ஸ்தூபியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். அது 1972 இல் கட்டியது. கீழே, பாறைக்குள்ளிருந்து வெளியே வருவது போல முன்பாதி மட்டும் செதுக்கிய யானை ஒன்று நிற்கும். அதன் அடியில்தான் அந்த ஏழும் இருக்கின்றன. யாராவது போனால் யானையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.