கழுத்துப்பட்டி ஊசியும் கவ்வியும்

வரலாறு என்றதும் முடியும் கொடியும் படையும் கோட்டையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், ஒரு காலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அவர்கள் கையாண்ட சிறு பொருள்களும் சான்று பகரும். 'ரை' என நாம் வழங்கும் கழுத்துப்பட்டியை நிலைகுலையாது நிறுத்தும் ஊசியும் கவ்வியும் அத்தகையன. இவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தேவை ஒரு பொருளைப் படைக்கின்றது. மதிப்பு அதனைப் பின்னர் பற்றிக்கொள்கின்றது. தேவை அகன்ற பின்னரும் மதிப்பு எஞ்சி நிற்கின்றது. இதனை ஈண்டு முறையே நோக்குவாம்.

கழுத்துப்பட்டியின் தோற்றத்தை 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நிகழ்ந்த முப்பதாண்டுப் போரோடு தொடர்புபடுத்துவது வழக்கம். அக்காலத்திற் பிரான்சியப் படையிற் கூலிக்குப் பொருத குரோசிய வீரர் கழுத்திலே துணி கட்டியிருந்தனர். அவர்தம் இனப்பெயரே திரிந்து, பிரான்சிய மொழியில் 'கிரவாத்' என அத்துணிக்குப் பெயராயிற்று. பதினான்காம் லூயி மன்னனின் அவையிலே போர்வீரன் கட்டிய துணி பிரபுக்களின் அணியாக உயர்வு பெற்றது.

அணியாக உயர்ந்த அத்துணியை ஒரு போர்க்களமே மீண்டும் மாற்றியமைத்தது. 1692 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் நாள், இன்றைய பெல்சியத்திலுள்ள ஸ்ரீன்கேர்க் என்னுமிடத்திலே பிரான்சியப் படை எதிர்பாராத வகையில் தாக்கப்பட்டது. முறைப்படி உடுத்தப் பொழுதில்லாத பிரபுக்கள் கழுத்துத் துணியை ஏனோதானோவென்று சுற்றிக்கொண்டு களம் புகுந்தனர் என வால்டேர் எழுதியுள்ளார். வெற்றி அவர்கள் பக்கமாயிற்று. அவசரக் கோலம் அழகுக் கோலமாயிற்று. துணியின் முனைகளை முறுக்கி மேற்சட்டையின் பொத்தான் துளையிற் செருகுவது 'ஸ்ரீன்கேர்க்' என்னும் பெயரோடு பரவியது. துளையிற் செருகாதோர் ஊசிகொண்டு பொருத்தினர். தொங்கும் முனையை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும் என்னும் தேவை இங்ஙனம் தெளிவாகத் தோன்றுவதைக் காண்கின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்திலே கழுத்துத் துணி கட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. ஜோர்ஜ் பிறமெல் (1778-1840) என்பார் கஞ்சியிட்டு விறைப்பாக்கிய வெண்டுணியை மடிப்புக் கெடாது அணிந்து, இலண்டன் உயர்குடியினர்க்கு வழிகாட்டியாக விளங்கினார். இத்தகைய மடிப்புகள் குலையாதிருத்தற்கு நெடிய ஊசி துணையாயிற்று. ஊசி வழுகி விழாதபடி அதன் தண்டிலே திருகு வரிகள் இட்டனர். கூரிய முனைக்குச் சிறு மூடியும் செய்தனர். இவை தேவையின் பாற்பட்டவை. ஊசித் தலையோ வேறு கதை கூறும். பொன், வைரம், முத்து என்பன ஆங்கே இடம்பெற்றன. குதிரையோட்டத்திலும் வேட்டையிலும் ஈடுபட்டோர் இலாடமும் நரித்தலையும் பொறித்த ஊசிகளை விரும்பினர். மன்னார் வளைகுடாவும் பாரசீக வளைகுடாவும் இயற்கை முத்திற்குப் புகழ்பெற்ற அந்நாளில், ஒற்றை முத்து ஊசி கண்ணியமான ஆடவர்க்கு உரியதென மதிக்கப்பட்டது. துணியைக் குத்தி நிறுத்த வந்த கருவி, அணிவோன் யாரென அறிவிக்கும் அடையாளமாயிற்று.

பின்னர் உடையே மாறியது. அகன்ற துணியின் இடத்தை நீண்டு ஒடுங்கிய பட்டி கவர்ந்தது. 1920களில் நியூ யோர்க் நகரத்து ஜெசி லாங்ஸ்டோர்வ் என்பார், துணியை இழைக்குக் குறுக்குச் சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முடிச்சை அவிழ்த்ததும் பட்டி முறுக்கின்றிப் பழைய நிலையை அடைவதற்கு அம்முறையே காரணம். மென்பட்டாலாகிய அத்தகைய பட்டியை ஊசியாற் குத்தினால் இழை அறுந்து துளை நிலைத்துவிடும். மேலும், பட்டியின் நுனியை உள்ளடக்கி வைத்திருந்த இடைச்சட்டையை அணியும் வழக்கமும் படிப்படியாகக் குறைந்தது. குனியும்போது உணவிற் படிவதும், காற்றில் முகத்தில் அடிப்பதும், இயந்திரத்திற் சிக்குவதும் பட்டிக்கு இயல்பாயின. ஆகவே, குத்தாது கவ்வும் கருவி வேண்டப்பட்டது. அதுவே 'ரை கிளிப்' எனும் கவ்வி. பட்டியின் இரு மடல்களையும் அவற்றின் பின்னுள்ள சட்டையின் பொத்தான் ஓரத்தையும் அது ஒருசேரப் பற்றுகின்றது. பட்டியை மட்டும் பற்றினாற் பயனில்லை. சட்டையோடு பிணைத்தலே அதன் தொழில். அக்கவ்வி மேலிருந்து மூன்றாம் நான்காம் பொத்தான்களுக்கு இடையில் அமைதலும், பட்டியின் அகலத்தைக் கடவாதிருத்தலும் முறையெனக் கொள்ளப்பட்டன.

இக்கருவியும் அடையாளமாதலினின்று தப்பவில்லை. 1943 ஓகஸ்ட் மாதத்திற் சொலமன் தீவுகளருகே, ஜோன் கெனடி தலைமை தாங்கிய பி.ரி. 109 என்னும் அமெரிக்கப் படகை யப்பானியப் போர்க்கப்பலொன்று மோதிப் பிளந்தது. பதின்மூவருள் இருவர் மாண்டனர். காயமுற்ற ஒருவரின் மிதவைச் சட்டைப் பட்டியைப் பல்லாற் கடித்தவாறு கெனடி அவரை இழுத்துக்கொண்டு நீந்திக் கரை சேர்ந்தார். அவர் 1960 இல் சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டபோது, அப்படகின் வடிவிலான கவ்விகள் ஆதரவாளரிடையே வழங்கப்பட்டன. பட்டியைப் பற்றிய அக்கவ்வி ஒரு மனிதரின் வீரத்தையும் மக்கள் நினைவிற் பற்றவைத்தது. கூடவே வாக்கையும் வேண்டி நின்றது.

இனி, தேவையே இல்லாத நிலைக்கும் சான்று உண்டு. நோயாளியிலிருந்து நோயாளிக்குத் தொங்கும் பட்டி கிருமியைக் கொண்டுசெல்லக்கூடும் என்னும் கருத்தால், 2007 இல் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் மருத்துவர் பணியின்போது கழுத்துப்பட்டி அணிவதைத் தவிர்க்குமாறு நெறி வகுத்தது. பட்டியை நிறுத்தக் கவ்வி தேடிய காலம் போய், பட்டியையே நீக்கும் காலம் வந்தது. அலுவலகங்கள் பலவற்றிலும் அது அரிதாகி வருகின்றது. எனினும் விழாக்களிலும் சீருடைகளிலும் கவ்வி இன்னும் மின்னுகின்றது.

ஆங்கில ஆட்சியோடு இப்பட்டி நம் நாட்டிற்கும் வந்தது. பிறர் உடையை ஆராயாது பின்பற்றுதலைக் கண்டித்து, ஆனந்த குமாரசுவாமி முதலியோர் 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அவர் எழுப்பிய வினா உடையளவில் நிற்பதன்று. பட்டி அணிவதா விடுவதா என்பது இக்கட்டுரையின் வாதமுமன்று. எப்பொருளையும் எவ்வழக்கையும் கைக்கொள்ளுமுன், இது என்ன தேவைக்குப் பிறந்தது, அத்தேவை நமக்கும் உண்டா, அன்றி மதிப்பு ஒன்றே எஞ்சியுள்ளதா என்று வினவுதலே வரலாறு கற்றோர்க்கு அழகு. மதிப்பு மட்டுமே எஞ்சியிருப்பினும் அது குற்றமாகாது; அறிந்து அணிவோனுக்கு அது அணி, அறியாது அணிவோனுக்கு வெறுஞ் சுமை. மாணவர் இவ்வினாவைத் தம் கழுத்துப்பட்டியிலிருந்தே தொடங்கலாம்.