சான்றிதழ் கேட்ட ஊர்



நோயாளரிடத்துக் கண்டதையும் கேட்டதையும் வெளியிற் சொல்லேன் என்பது, கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் வைத்திய உறுதிமொழியின் ஒரு பகுதி. ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அவ்வுறுதி வைத்தியரைக் கட்டும். ஊராரின் நாவைக் கட்டாது.

இலங்கையில் 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயுற்றாரைப் பிரித்து வைக்க வகைசெய்தது. நோய் தெரிந்தால் வீடும் போயிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 2016இல், குளியாப்பிட்டியில் அந்த வேலையை வதந்தி செய்தது.

தந்தையை இழந்த ஆறு வயதுச் சிறுவன். தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்றது ஊர். சிறுவனுக்குத் தொற்று இல்லையென்று தாய் மருத்துவச் சான்றும் காட்டினார், நம்பினாரில்லை. ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையினின்றும் விலக்கினர்.

அச்சான்றை அவர் காட்ட நேர்ந்ததே என் மனத்தை உறுத்துகின்றது. தொற்று இருந்திருப்பினும், ஒரே வாங்கில் அமர்வதால் அது பரவாது. ஆயினும் ஒரு குழந்தையின் குருதிச் செய்தி ஊர்ப்பொருளாயிற்று. சேர்வு இடாப்பில் இல்லாத வினாக்களை வாய்மொழியாகக் கேட்கும் வழக்கம் அதிபர்களாகிய எங்களிடமும் உண்டு, மறைப்பானேன்?

வழக்கு உயர் நீதிமன்றத்தை எட்டியது. எச்.ஐ.வி.யால் பாதிப்புற்ற பிள்ளைகளுக்கும் கல்வியுரிமை உண்டென அவ்வாண்டு ஏப்பிரலில் மன்று ஏற்றது. சிறுவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது, மஹய்யாவவுக்கு அணித்தேயுள்ள கண்டி திரித்துவக் கல்லூரி. நாமெல்லாம் மகிழ்ந்தோம். எனினும், முதலாம் வகுப்பிற் படிக்க அச்சிறுவன் தன் மாகாணத்தையே கடந்து வரவேண்டியிருந்தது.