எண்ணப்படாத பொம்மைகள்

போரை மேசைமேல் நிகழ்த்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. கட்டைவிரல் உயரமே உள்ள ஈயப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி இரு படைகளாக நிறுத்துவர். அட்டையால் வீடுகளும், நீலத் துணியால் ஆறும், காய்ந்த பாசியால் தோப்பும் அமைப்பர். ஒரு வீரன் ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் நடக்கலாம், அவனது துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அளவு நாடாவால் தூரத்தை அளந்து பகடையை உருட்டுவர். குண்டு பட்டதா தவறியதா, வீரன் நிலைத்து நின்றானா அஞ்சி ஓடினானா என்பதைப் பகடையே முடிவு செய்யும். பெரும் போர்களை விடுத்து, பக்கத்துக்கு இருபது முப்பது பேர் மோதும் சிறு சண்டைகளையே பலர் விரும்பி ஆடுகின்றனர். அவற்றுள்ளும் ஐரோப்பியர் கீழை நாடுகளில் ஆட்சி நிறுவிய காலத்துச் சண்டைகளுக்கு மேலை நாடுகளில் தனி ஈர்ப்பு உண்டு.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி 1824இல் வெளியிட்ட விதிகளைக் கொண்டு படைத்தலைவர்கள் வரைபடத்தின் மேல் போர்ப் பயிற்சி பெற்றனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 1913இல் வெளியிட்ட 'சிறிய போர்கள்' என்னும் நூலில், பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் முறையை விளக்கினார். அந்நூலின் முடிவில் அவர் கூறும் கருத்து சிந்திக்கத்தக்கது. இச்சிறு போரைச் சில முறை ஆடிப் பார்த்தவருக்கே உண்மைப் போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்தது என்பது விளங்கிவிடும் என்கிறார் அவர். அந்நூல் வந்த அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

நமக்கும் இது முற்றிலும் அயலானது அன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் நிறுத்திச் சதுரங்கம் ஆடிய நாடு இது. நவராத்திரிக் கொலுப் படிகளில் தெய்வ உருவங்களுக்குக் கீழே செட்டியாரும் அவர் மனைவியும் கடை விரித்திருக்க, பாண்டு வாத்தியக் குழு சீருடையில் அணிவகுத்து நிற்பதை யாரும் காணலாம். புதுச்சேரியின் கோசப்பாளையத்தில் மண்ணையும் காகிதக் கூழையும் கொண்டு பொம்மை செய்யும் கைகள் இன்றும் உள்ளன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரைச் 'சொல்தா' என்று அழைக்கும் ஊருக்குப் போர்வீரன் வெறும் பொம்மை அல்லன். அவன் தெருவில் குடியிருந்தவன், இந்தோசீனத்துக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் வந்தவன்.

மேலும், அந்த மேசையில் ஆடப்படும் சண்டைகள் சில நம் மண்ணிலேயே நிகழ்ந்தவை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் தம் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து சென்ற சுவிட்சர்லாந்து நாட்டவரான பரதி என்னும் தளபதியிடம் இருந்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேர். எதிரே நின்றவர் பத்தாயிரம் பேர் என வரலாற்றாசிரியர் எழுதுவர். பரதியின் படை அடையாற்றை நடந்தே கடந்து, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளுடன் பாய்ந்தது. நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் நெரிசலாகப் பின்வாங்கிச் சிதறியது. திருத்தூதர் தோமாவின் கல்லறைக்கு அருகிலேயே அந்த ஓட்டம் நிகழ்ந்தது. ஒழுங்குற்ற சிறுபடை பெரும்படையை வெல்லும் என்னும் அந்நாளைய பாடம் இந்நாட்டின் தலைவிதியையே மாற்றியது. பரதியுடன் நின்றவருள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1748 ஆகஸ்டில், ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையில் அவரது முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பின்னர்க் கோட்டைக்காரரின் வெடிமருந்தே தீப்பற்றி வெடித்ததால் அவர்கள் அதைக் கைவிட நேர்ந்தது. அடையாற்றில் வென்ற பரதி இந்த முற்றுகையில் காயமுற்று இறந்தார். அக்டோபரில் மழையும் நோயும் சேர்ந்து ஆங்கிலேயரைத் திருப்பி அனுப்பின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை அவர்கள் இழந்திருந்தனர். வெடிமருந்தில் விழுந்த ஒரு பொறி, முன்னதாகப் பெய்த ஒரு மழை, தவறான இடத்தில் தோண்டிய ஒரு பதுங்குகுழி என இவற்றால் போரின் போக்கு மாறுவதைப் பகடை நன்றாகவே காட்டும். தளபதியின் அறிவொன்றே வெற்றி தருவதாக எழுதப்படும் வரலாற்றைவிட, இந்த ஒன்றில் விளையாட்டு உண்மைக்கு நெருக்கமானது.

ஆயினும் மேசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதை அறிய, துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். 1736 முதல் 1761 வரை நீளும் அக்குறிப்புகளில் படைகளுக்கு இடையே அரிசி விலையும், ஊரைவிட்டு ஓடும் குடும்பங்களும், அச்சமும் வதந்தியும் இடம்பெறுகின்றன. இயேசு சபையார் கோயிலுக்கு அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748 முற்றுகை நாள்களில் இடிக்கப்பட்டதையும் அவர் வேதனையோடு எழுதியுள்ளார். அச்செயலில் குருக்கள் சிலருக்கு இருந்த பங்கையும் அவர் மறைக்கவில்லை. கிறித்தவராகிய நாம் அப்பக்கங்களைத் தாண்டிச் செல்லாமல் படிக்க வேண்டும். போர் என்னும் போர்வைக்குள் பழைய பகைகள் எளிதில் நுழைந்துகொள்கின்றன என்பதற்கு அது சான்று. பதின்மூன்று ஆண்டுகளில் அதே ஊரில் கிறித்தவக் கோயிலும் தரைமட்டமாயிற்று. 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் திட்டமிட்டு இடித்தனர். இன்று நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் பேராலயம் 1770இல் தொடங்கி 1791இல் முடிக்கப்பெற்றது. வேதபுரீசுவரர் கோயிலும் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது.

இவற்றினும் கொடியது 1760ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. அயர் கூட் நகரைச் சூழ்ந்திருக்க, உள்ளே உணவு குறைந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, போருக்குப் பயன்படாத உள்ளூர் மக்கள் ஏறத்தாழ 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. திரும்பியவர்களுக்குக் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. ஆணும் பெண்ணுமாக அவர்கள் இரு படைகளின் துப்பாக்கிகளுக்கு இடையே பல நாள்கள் புல்லின் வேரைத் தின்று கிடந்தனர் என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் பதிந்துள்ளார். இறுதியில் கூட் வழிவிட்டார். 1761 ஜனவரி 16இல் நகரம் வீழ்ந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னரே பிள்ளையும் கண்மூடியிருந்தார். லாலியோ தம் நாட்டவராலேயே துரோகியெனத் தீர்ப்பிடப்பட்டு 1766இல் பாரிசில் தலை வெட்டுண்டார்.

அந்த 1,400 பேருக்கு விளையாட்டுப் பெட்டியில் பொம்மை இல்லை. அவர்களுக்கு நடையளவு இல்லை. சுடும் தூரம் இல்லை. ஆதலால் விதி நூலிலும் இடமில்லை. இதற்கு ஆடுபவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. போரை நடத்தியோர் கணக்கிட்டதும் இவ்வாறே. லாலியின் கணக்கில் அவர்கள் உண்ணும் வாய்கள். கூட்டின் கணக்கில் பகைவரின் அரிசியைக் குறைக்கும் கருவிகள். விவிலியத்தில் தாவீது அரசர் தம் வீரர்களைத் தொகையிட்டபோது அது பெரும் பாவமாகக் கருதப்பட்டது ஏன் என்று பலர் வினவுவதுண்டு. மனிதரை வாளேந்தும் எண்ணிக்கையாக மட்டும் காணத் தொடங்கும் அரசன், வாளேந்தாதவரைக் காணும் கண்ணை இழந்துவிடுகிறான். நல்ல ஆயனோ தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவன்.

பெயரின் அருமையைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தனர். ஆநிரை மீட்கையில் மாண்ட எளிய வீரனுக்கும் கல் நட்டு, அவன் உருவைச் செதுக்கி, பெயரையும் மாண்ட வகையையும் பொறித்தனர். நடுகல்லில் உள்ளவனும் சிறிய உருவமே. ஆனால் அவன் ஒருவன். அவனுக்குப் பதிலாக வேறொருவனை நிறுத்த இயலாது. வென்றவன், தோற்றவன் என்ற கேள்வியைவிட, நமக்காக மாண்டவன் யார் என்ற கேள்வியே அங்குப் பெரிதாயிற்று.

விளையாட்டுக்குள்ளும் இரக்கம் நுழைய வழியுண்டு. லாரி பிராம் என்னும் அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட குடியேற்றக் காலச் சண்டை விதிகளின்படி, காயமுற்ற வீரனைத் தோழர்கள் சுமந்து செல்ல வேண்டும். அதனால் அணியின் வேகமும் வலிமையும் குன்றும். இரக்கத்துக்கு விலை உண்டு என்பதை அவ்விதி கற்பிக்கிறது. 1521இல் பாம்பலோனாக் கோட்டையில் கால் முறிந்து விழுந்த இஞ்ஞாசியார் என்னும் வீரருக்கு அவரைத் தோற்கடித்த பிரெஞ்சுக்காரரே மருத்துவம் செய்து, தூக்குக் கட்டிலில் ஊருக்கு அனுப்பினர். அந்தச் சுமை தூக்கப்படாதிருந்தால் இயேசு சபையும் இல்லை. தூக்கியவர்களின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

ஆகவே, புதுச்சேரி முற்றுகையை மேசைமேல் ஆட விரும்பும் இளைஞர்கள் தாராளமாக ஆடட்டும். வரலாற்றை விரலால் தொட்டறிவது நன்றே. ஆனால் கோசப்பாளையத்துக் குயவரிடம் சொல்லி, மூட்டை சுமந்த ஒரு கிழவியையும் இடுப்பில் குழந்தை ஏந்திய ஒரு தாயையும் செய்து வாங்கட்டும். இரு படைகளுக்கும் நடுவே அவர்களை நிறுத்தட்டும். அதன்பின் பகடையை உருட்டும் முறை வரும்போது, அவர்களுக்கு வழிவிட எத்தனை அங்குலம் பின்வாங்கலாம் என்று இரு பக்கத்தாரும் முதலில் பேசி முடிவு செய்யட்டும்.